எல்கைப் பந்தயத்தில் ஒரு நாள்: மதுரைப் பக்கம் குதிரை வண்டி, மாட்டு வண்டிப் பந்தயம் பார்க்க வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

மேலூர், சிங்கம்புணரி, திருப்புவனம், உசிலம்பட்டி, கம்பம் என்று எந்தப் பக்கம் போனாலும் சுவரில் இந்தப் போஸ்டரைப் பார்க்கலாம்: மாபெரும் மாட்டு வண்டி, குதிரை வண்டி எல்கைப் பந்தயம். அதைப் பார்த்துவிட்டு "நாங்களும் வரலாமா, எங்கே நிற்பது, என்ன பார்ப்பது" என்று கேட்கிறவர்கள் வருஷத்துக்கு வருஷம் கூடுகிறார்கள். சென்னையிலிருந்து திருவிழாவுக்கு வரும் சொந்தங்கள், மதுரைக்குப் படிக்க வந்த பிள்ளைகள், செல்போனில் நேரலை பார்த்து ஆசைப்பட்டவர்கள் எல்லோரும் கேட்பதைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

எல்கைப் பந்தயம் என்றால் என்ன? மைதானத்தில் நடக்குமா?

மைதானம் கிடையாது. ஊரை ஒட்டிய தார்ரோடுதான் களம். ஊர் எல்லையில் சுண்ணாம்புக் கோடு போட்டு வண்டிகளை நிறுத்துவார்கள். சில மைல் தள்ளி ஒரு இடத்தில் கொடி இருக்கும். கொடியைச் சுற்றித் திரும்பி, கிளம்பிய கோட்டுக்கே முதலில் வந்து சேரும் வண்டிக்கு முதல் பரிசு. நாடு கிலோமீட்டருக்கு மாறி எத்தனையோ வருஷம் ஆகியும் இங்கே கணக்கு மைலில்தான். "பெரிய மாட்டுக்குப் போய்வர எட்டு மைல், சின்ன மாட்டுக்கு ஆறு மைல்" என்று மைக்கில் சொல்வார்கள். எட்டு மைல் என்றால் ஏறக்குறைய 13 கிலோமீட்டர்.

கோவை, திருப்பூர்ப் பக்கத்து ரேக்ளா என்ற மாட்டு வண்டிப் பந்தயத்தைப் பார்த்தவர்கள் இதையும் அப்படியே நினைத்து வந்துவிடுவார்கள். அங்கே 200 மீட்டர், 300 மீட்டர் என்று நேர்கோட்டில் ஓடவிட்டு நொடிக்கணக்குப் பார்ப்பது வழக்கம். வண்டிக்குப் போட்டி கடிகாரம்தான். இங்கே எல்லா வண்டியும் ஒன்றாகக் கிளம்பும், பக்கத்து வண்டியை முந்தினால்தான் வெற்றி. அது வேகத்தின் ஆட்டம், இது தம் பிடிப்பதன் ஆட்டம். முதல் மைலில் முன்னால் போன வண்டி கொடியில் திரும்பும்போது மூன்றாவதாக வருவது இங்கே சர்வசாதாரணம்.

மதுரையில் ரேஸ்கோர்ஸ் என்றே ஒரு இடம் இருக்கிறதே, அங்கே குதிரை ஓடுமா?

ஓடாது. ரேஸ்கோர்ஸ் என்று பஸ்ஸில் சொன்னால் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கத்தின் பக்கம் இறக்கிவிடுவார்கள். அது ஓட்டப்பந்தயம், ஹாக்கி, நீச்சல் பயிற்சிக்குப் பிள்ளைகள் போகும் இடம். அலங்காநல்லூருக்கு அருகே கீழக்கரையில் 2024 ஜனவரியில் திறந்த கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கமும் ஜல்லிக்கட்டுக்காகக் கட்டியது. வண்டிப் பந்தயத்துக்கு இன்றும் ரோடுதான்.

குதிரை வண்டிக்கும் மாட்டு வண்டிக்கும் என்ன பிரிவுகள்?

குதிரையில் பெரிய குதிரை, நடுக்குதிரை, சின்னக் குதிரை என்று உயரத்தை வைத்துப் பிரிப்பார்கள். ஒரு வண்டிக்கு ஒரு குதிரை. மாட்டில் ஜோடி. பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என அளவு குறைந்துகொண்டே போகும். தேனி, கம்பம் பக்கம் தேன்சிட்டு, தட்டான்சிட்டு என்று இன்னும் கீழே இறங்கும். எந்த ஊரில் எத்தனை பிரிவு என்பது விழாக் கமிட்டி முடிவு செய்வது. எல்லாப் பந்தயத்திலும் குதிரை இருக்காது. குதிரைக்காகவே வருகிறவர் போஸ்டரில் குதிரை வண்டி என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வரவும்.

மாட்டை உயரமும் பல்லும் பார்த்துப் பிரிவில் சேர்ப்பார்கள். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. கீழ்த்தாடையில் எட்டு உண்டு. பால்பல் விழுந்து எத்தனை பெரிய பல் முளைத்திருக்கிறது என்று பார்த்தால் வயது தெரிந்துவிடும். இதில் சச்சரவு வராத ஊரே இல்லை. "அது நடு மாடுய்யா, சின்ன மாட்டுல விடுறீகளே" என்று ஒருவர் ஆரம்பிப்பார், கமிட்டியில் ஒரு பெரியவர் வந்து மாட்டின் வாயைப் பிளந்து பார்த்து முடிவு சொல்லுவார். அவர் சொன்னால் சொன்னதுதான். சீக்கிரம் வந்தால் இதைப் பக்கத்தில் நின்றே பார்க்கலாம்.

ஒரு பிரிவுக்கு வண்டிகள் நிறைய வந்துவிட்டால் இரண்டு செட்டாகப் பிரித்து ஓடவிடுவார்கள். ரோட்டின் அகலத்துக்கு அத்தனை வண்டி தாங்காது.

எத்தனை மணிக்கு வந்தால் சரியாக இருக்கும்?

விடியும்போதே. பந்தயம் ஏழு மணி என்று போட்டிருந்தால் ஐந்தரைக்கு அங்கே இருங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பந்தயம் என்பது ஓடும் அரைமணி நேரம் மட்டுமில்லை. அந்த நாளின் நல்ல பகுதி கோட்டுக்கு வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

மினி லாரிகளிலிருந்து மாடுகளையும் குதிரைகளையும் இறக்குவார்கள். பலகை சாய்த்து, வைக்கோல் பரப்பி, ஒருவர் முன்னால் கயிற்றைப் பிடிக்க ஒருவர் பக்கவாட்டில் கை வைத்து மெதுவாக. இறங்கிய குதிரை முதலில் செய்வது, தலையைத் தூக்கிக் காற்றை மோப்பம் பிடிப்பதுதான். புது ஊர், புது மண், பக்கத்தில் தெரியாத குதிரைகள். காதுகள் இரண்டும் வெவ்வேறு திசையில் திரும்பிக்கொண்டே இருக்கும். பராமரிக்கும் பையன் அதன் தாடைக்கடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டே நடத்துவான். கொஞ்ச நேரத்தில் ஒரு காது அவன் பக்கம் திரும்பும். இரண்டு நடை போனதும் தலை தாழும், மூக்கால் ஒரு நீளப் பெருமூச்சு விடும். இப்போது அது தயார். இதைப் பார்த்தவர்களுக்கு அதற்குப் பின் அந்தக் குதிரை முந்தியதா பிந்தியதா என்பது இரண்டாம் பட்சமாகிவிடும்.

வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதற்குச் சட்டக் காரணமும் உண்டு. வண்டி இழுக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு மத்திய விதிகளின்படி, வெப்பம் 37 டிகிரி செல்சியசைத் தாண்டும் இடங்களில் பகல் 12 மணி முதல் 3 மணி வரை அவற்றைப் பூட்டக் கூடாது. பங்குனி, சித்திரையில் மதுரை வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பத்து மணிக்கே தார் இளக ஆரம்பித்துவிடும். பரிசளிப்பு முடிந்து பதினொன்றுக்கெல்லாம் கலைகிற பந்தயம்தான் ஒழுங்காக நடத்திய பந்தயம்.

எங்கே நின்று பார்ப்பது நல்லது?

எல்லோரும் கோட்டுக்குப் பக்கத்தில் மொய்ப்பார்கள். அங்கே தலைகள்தான் தெரியும். கிளம்பும் நேரம் ஆபத்தானதும்கூட. ஒரே சமயத்தில் பத்துப் பன்னிரண்டு வண்டி பாய்கிறது, சக்கரத்தோடு சக்கரம் உரசுவது அப்போதுதான்.

எனக்குப் பிடித்த இடம் கோட்டிலிருந்து ஒன்று ஒன்றரை மைல் தள்ளி, கண்மாய்க் கரையோ மேட்டு வரப்போ இருக்கும் இடம். ரோட்டைவிட ஓர் ஆள் உயரம் மேலே நின்றால் பாதுகாப்பு, பார்வைக்கும் தடையில்லை. அந்தத் தூரத்தில் நெரிசல் பிரிந்து வண்டிகள் வரிசைப்பட்டிருக்கும். யார் ஓட்டத்தை மிச்சம் பிடிக்கிறார்கள், யார் எல்லாவற்றையும் இப்போதே செலவழிக்கிறார்கள் என்று தெளிவாகத் தெரியும். அதே இடத்தில் காத்திருந்தால் திரும்பி வருவதையும் பார்க்கலாம். போகும்போது பார்த்த அதே மாட்டை வரும்போதும் பார்ப்பது பெரிய பாடம்.

கொடி நிற்கும் இடமும் அருமையானது, ஆனால் அங்கே நிற்க ஒரு நிபந்தனை: வளைவின் வெளிப்பக்கம் நிற்கவே கூடாது. வேகமாக வந்த வண்டி திரும்பும்போது வெளிப்பக்கம்தான் சறுக்கும். உள்பக்கமும் ரோட்டை ஒட்டி வேண்டாம், வயலுக்குள் இறங்கி நில்லுங்கள். நல்ல சாரதி கொடிக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்மாட்டை இழுத்துப் பிடித்து வெளிமாட்டை விட்டுத் திருப்புவார். பந்தயம் பாதி அங்கேதான் முடிவாகிறது.

வண்டியில் இருவர் இருக்கிறார்களே, ஒருவர் ஏன் இறங்கி ஓடுகிறார்?

கயிற்றைப் பிடிப்பவர் சாரதி, மற்றவர் துணைச்சாரதி. பந்தய வண்டி பாரம் ஏற்றும் வண்டி இல்லை. இரண்டு சக்கரம், ஒரு அச்சு, உட்கார ஒரு சட்டம், அவ்வளவுதான். துணைச்சாரதி பல இடங்களில் குதித்து மாட்டுக்குப் பக்கவாட்டில் ஓடியபடியே சத்தம் கொடுப்பார், பிறகு ஓடும் வண்டியிலேயே தாவி ஏறிக்கொள்வார். வண்டியில் ஓர் ஆள் எடை குறைகிறது, மாட்டுக்குப் பழகிய குரல் காதுக்குப் பக்கத்தில் கேட்கிறது. வெறுங்காலோடு தார்ரோட்டில் இப்படி ஓடுகிறவர்களின் உழைப்பை மைக்கில் யாரும் சொல்வதில்லை. பரிசு மாட்டுக்காரர் பெயரில் அறிவிக்கப்படும், ஊர் பெயர் சொல்லப்படும். சாரதிகள் பெயரையும் சேர்த்துச் சொல்கிற ஊர்கள் கூடிவருவது சந்தோஷம்.

எந்தக் குதிரை நன்றாக ஓடும் என்று பார்த்தே சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். பெரிய உடம்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். மூக்குத் துவாரம் அகலமா என்று பாருங்கள். குதிரையால் வாய் வழியாக மூச்சுவிட முடியாது, மூக்கு ஒன்றுதான் வழி. நெஞ்சு ஆழமாக இருக்கிறதா, முழங்காலுக்குக் கீழே எலும்பு தெளிவாகத் தெரிகிறதா, அங்கே வீக்கம் எதுவும் இல்லையா என்று பாருங்கள். நடக்கும்போது தலை ஒரே சீராக ஆட வேண்டும். ஒரு முன்கால் ஊன்றும்போது மட்டும் தலை மேலே போனால் அந்தக் காலில் வலி. கோட்டுக்கு வரும் முன்பே உடம்பெல்லாம் நுரைத்து வேர்த்திருந்தால் அது பயந்திருக்கிறது. பாதித் தெம்பு அங்கேயே போயிற்று.

லாடத்தையும் கவனியுங்கள். தார்ரோட்டில் தேய்ந்த லாடம் வழுக்கும், தளர்ந்த லாடம் சத்தத்திலேயே தெரியும். நாலு காலும் ஒரே மாதிரி டக் டக் என்று விழ வேண்டும். நடுவில் ஒரு கிலுக்கு கேட்டால் ஆணி தளர்ந்திருக்கிறது. இதை ஒருவர் கவனித்துச் சொல்லி, கிளம்புவதற்குச் சற்று முன்பாக வண்டியை ஓரம் கட்டி லாடக்காரர் ஆணியை இறுக்குவதும் நடக்கும்.

மாட்டில் கண்ணும் காலும். ஜோடியில் இரண்டும் ஒரே நீள எட்டு வைக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஒன்று நீள எட்டும் மற்றது குட்டை எட்டும் வைத்தால் நுகத்தடி கோணும், எட்டு மைலில் கழுத்து புண்ணாகிவிடும். தனியாகப் பார்த்தால் சுமாராகத் தெரியும் இரண்டு மாடுகள் ஜோடி சேர்ந்ததால் பெயர் வாங்கியதை இந்தப் பக்கத்து ஆட்கள் கதைகதையாகச் சொல்வார்கள்.

குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் இது கொடுமை இல்லையா?

நேர்மையான கேள்வி. மழுப்பாமல் சொல்கிறேன். கொடுமை நடக்கும் பந்தயமும் உண்டு, நடக்காத பந்தயமும் உண்டு. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், பார்வையாளரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஆணி வைத்த தார்க்குச்சி சட்டப்படி கூடாது. ஓடும் மாட்டின் வாலை முறுக்குவது, கடிப்பது போன்ற செயல்களை நல்ல கமிட்டி பார்த்தால் வண்டியைத் தகுதி நீக்கும். சத்தம் கொடுத்தே ஓட்டுகிற சாரதிகள் இருக்கிறார்கள், கம்பு கையில் இருந்தும் ஓங்காதவர்கள். அவர்களுடைய மாடுதான் பல வருஷம் ஓடுகிறது. அடித்து ஓட்டிய மாடு ஒரு சீசனில் தளர்ந்துவிடும். தொழில் தெரிந்த எந்த மாட்டுக்காரரும் இதைத்தான் சொல்வார்.

ஓடி முடித்த பின் பாருங்கள். மாடு வாயைத் திறந்து நாக்கை நீட்டி இளைத்தால் அதன் உடம்பு சூட்டைத் தாங்கவில்லை என்று பொருள். உடனே நிழலும் தண்ணீரும் வேண்டும். குதிரையின் இதயம் ஓய்வில் இருக்கும்போது நிமிடத்துக்கு 28 முதல் 44 முறை துடிக்கும். ஓடி வந்ததும் அது பல மடங்கு ஏறியிருக்கும். நல்ல பராமரிப்பாளர் வந்த சூட்டில் கட்டிப்போட மாட்டார். வண்டியிலிருந்து அவிழ்த்து மெதுவாக நடத்துவார், காலிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றி வழித்துவிடுவார், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுவார். உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்துவார். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்கு வந்துவிட்டால் கவலையில்லை. ஓடி முடித்த கையோடு கொள்ளு வைக்க மாட்டார். குதிரைக்கு வாந்தி எடுக்கத் தெரியாது, வயிற்றில் ஏதாவது சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

மாடோ குதிரையோ விழுந்துவிட்டது, பக்கத்தில் டாக்டர் இல்லை என்றால் 1962 என்ற எண்ணுக்கு அழையுங்கள். கால்நடைகளுக்கான அரசு ஆம்புலன்ஸ் சேவை அது.

பரிசு வாங்கும் மேடையைவிட இந்த நடத்தும் இடத்துக்குத்தான் நான் முதலில் போவேன். எந்த வீட்டு மாடு எப்படிக் கவனிக்கப்படுகிறது என்று அங்கேதான் தெரியும். கண்ணால் பார்க்கிறவர் பத்துப் பேர் நின்றாலே கைகள் மென்மையாகிவிடும். ஆகவே வாருங்கள், நின்று பாருங்கள், தவறென்று தெரிந்தால் கமிட்டிக்காரரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். "ஐயா, அந்தச் செவலை ரொம்ப இளைக்குதுங்கய்யா, கொஞ்சம் பாக்கச் சொல்லுங்க" என்று சொன்னால் யாரும் கோபப்பட மாட்டார்கள்.

இது சட்டப்படி நடக்கிறதா?

2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடுத்தது. 2017 ஜனவரியில் நடந்த போராட்டமும், தமிழக அரசு கொண்டுவந்த திருத்தச் சட்டமும் எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தச் சட்டம் செல்லும் என்று 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. நடைமுறையில் ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்து அனுமதி வாங்குகிறார்கள், கிடைக்காவிட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போகிறார்கள். அனுமதி நிபந்தனைகளோடுதான் வரும். அனுமதி இல்லாத பந்தயத்துக்குப் போகாதீர்கள். டாக்டர் இருக்க மாட்டார், போக்குவரத்தை நிறுத்த ஆள் இருக்க மாட்டார், அடிபட்டால் கேட்க நாதி இருக்காது. கோட்டுக்குப் பக்கத்தில் போலீஸ் நிற்கிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

பந்தயம் கட்டலாமா?

கூடாது. சட்டப்படி குற்றம். அதைவிட, பணம் கட்டியவன் கண்ணுக்கு மாடு தெரியாது.

பைக்கில் வண்டிகளோடு கூடவே போய்ப் பார்க்கலாமாமே?

தயவுசெய்து வேண்டாம். இந்தப் பந்தயத்தைக் கெடுப்பது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். வண்டிகளுக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான பைக்குகள், ஹாரன் அடித்தபடி, ஒரு கையில் செல்போனில் படம் எடுத்தபடி வருகின்றன. குதிரைக்கு ஏறத்தாழ 350 டிகிரி பார்வை உண்டு, நேர் பின்னால் தெரியாது. அந்தத் தெரியாத இடத்திலிருந்து வரும் இரைச்சல் அதற்குத் துரத்தும் மிருகம்தான். அது ஓடுவது பந்தயத்துக்காக இல்லை, உயிருக்குப் பயந்து. பின்னால் வரும் வண்டியை முந்தவிடாமல் பைக்குகள் மறைத்துக்கொள்வதால் நியாயமாக ஜெயிக்க வேண்டியவர் தோற்பதும் நடக்கிறது. துணைச்சாரதி குதிக்கும்போது பைக் மோதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கமிட்டியின் இரண்டு மூன்று வண்டிகள் தவிர வேறு வாகனம் ரோட்டில் இருக்கக் கூடாது என்று கண்டிப்பாக நடத்தும் ஊர்கள் இருக்கின்றன. அங்கே போய்ப் பாருங்கள். சத்தமில்லாத ரோட்டில் குளம்புச் சத்தம் தூரத்திலிருந்து வளர்ந்து வருவதைக் கேட்டவர் பைக் கூட்டத்தை மறுபடி விரும்ப மாட்டார்.

குழந்தைகளைக் கூட்டி வரலாமா? பெண்கள் வருவார்களா?

தாராளமாக. கையை விடாமல், மேட்டில் நிறுத்திக் காட்டுங்கள். கட்டியிருக்கும் குதிரையின் பின்னால் எந்தக் குழந்தையும் போகக் கூடாது. முன்னாலிருந்து, சற்றுப் பக்கவாட்டில், அதற்குத் தெரியும்படி போய், உடையவரைக் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். பலூனும் ஊதியும் அன்று மட்டும் வேண்டாம். ஊர்ப் பெண்கள் அவரவர் வாசலிலும் மாடியிலும் நின்று பார்ப்பார்கள். "அத்தாச்சி, மேல வந்து பாக்கட்டுமா" என்று கேட்டால் மாடிப்படியைக் காட்டிக் காப்பியும் கொடுத்துவிடுவார்கள். கழிப்பறை வசதியை எதிர்பார்க்க முடியாது. அதை யோசித்து வாருங்கள்.

சாப்பாடு?

விடியற்காலையில் மதுரையிலிருந்து கிளம்பினால் ரோட்டோரத்தில் பருத்திப்பால் கிடைக்கும், அதுவே போதும். பந்தய இடத்தில் நீர்மோர், பானகம், தர்பூசணி. கோயில் திருவிழாவை ஒட்டிய பந்தயம் என்றால் மதியம் அன்னதானம் இருக்கும், வெளியூர்க்காரரை விடவே மாட்டார்கள். தண்ணீர் பாட்டில் சொந்தமாகக் கொண்டு வரவும். தொப்பியோ துண்டோ தலைக்கு அவசியம். குடை வேண்டாம், விரியும் குடையைக் கண்டு குதிரை மிரளும்.

நிஜமான குதிரைப் பந்தயம், ஜாக்கி சவாரி செய்வது, பார்க்க வேண்டுமென்றால் எங்கே போவது?

தமிழ்நாட்டில் அதற்கென்று இருந்தவை கிண்டியும் ஊட்டியும். கிண்டியின் வரலாறு 1777 வரை போகிறது. 1974-இல் குதிரைப் பந்தயத்தைச் சூதாட்டமாகக் கருதித் தமிழக அரசு சட்டம் கொண்டுவந்தது. வழக்கு நீண்டு, 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இது அதிர்ஷ்ட விளையாட்டு இல்லை, திறமை சார்ந்தது என்று தீர்ப்பளித்தது. 2024-இல் ஊட்டி மைதானத்தின் 52 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் கிண்டியின் 160 ஏக்கர் குத்தகையையும் ரத்து செய்தது. ஆகையால் பந்தயம் அறிவித்திருக்கிறார்களா என்று உறுதி செய்யாமல் ரயில் ஏறாதீர்கள்.

மதுரைக்காரர்களுக்கு இன்னொரு வழி மைசூர். தூத்துக்குடியிலிருந்து மைசூர் போகும் எக்ஸ்பிரஸ் மதுரை வழியாகத்தான் போகிறது. சாமுண்டி மலையடிவாரத்தில் பந்தய மைதானம். பெங்களூரிலும் உண்டு. அங்கே போனால் ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னால் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டும் இடத்தில் போய் நில்லுங்கள். காதையும் நடையையும் பற்றி மேலே சொன்னதெல்லாம் அங்கேயும் அப்படியே பொருந்தும்.

குதிரை நம்ம ஊர் மிருகமே இல்லையே, இங்கே ஏன் இவ்வளவு ஆசை?

மண் குதிரைக்கு ஏற்றதில்லை என்பது உண்மைதான். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு நாடுகளிலிருந்து ஆண்டுதோறும் ஏராளமான குதிரைகள் இங்கே இறங்கியதையும், லாடம் கட்டவும் பராமரிக்கவும் தெரிந்த ஆட்கள் இல்லாமல் பெரும்பாலானவை செத்துப்போனதையும் எழுதிவைத்திருக்கிறார். மேலூர்ப் பக்கத்துத் திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகர், குதிரை வாங்கப் பாண்டிய மன்னன் கொடுத்தனுப்பிய பணத்தில் கோயில் கட்டினார், அவருக்காகச் சிவன் நரியைப் பரியாக்கினார் என்பது மதுரைக் கோயிலில் ஆவணி மூலத் திருவிழாவில் இன்றும் நடத்திக்காட்டும் கதை. அழகர் வைகையில் இறங்குவது தங்கக் குதிரை வாகனத்தில். சிவகங்கைச் சீமைக் கிராமங்களில் அய்யனாருக்கு மண்குதிரை செய்து கொண்டுபோகும் புரவி எடுப்பு நடக்காத ஊர் குறைவு. கோயில் வாசலில் வாய் திறந்து நிற்கும் மண்குதிரையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு உயிருள்ள குதிரை மேல் ஆசை வராமல் இருக்குமா?

அந்த ஆசையோடு பராமரிப்பும் சேர்ந்து வர வேண்டும் என்பதுதான் என் கவலை. மார்க்கோ போலோ பார்த்தது இனி நடக்கக் கூடாது.

எனக்கே ஒரு குதிரை வாங்கி ஓட்ட ஆசை. எங்கே தொடங்குவது?

ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவில் பெரிய குதிரைச் சந்தை கூடும். கத்தியவார், மார்வார் குதிரைகளோடு நாட்டுக்குதிரைகளும் வரும். முதல் வருஷம் வாங்கப் போகாதீர்கள், பார்க்கப் போங்கள். அதற்கு முன் ஏற்கெனவே குதிரை வைத்திருக்கும் ஒருவரிடம் விடியற்காலையில் போய்ச் சாணம் அள்ளி, கொள்ளு ஊறவைத்து, தேய்த்துவிட்டுப் பழகுங்கள். தினமும் செய்யும் வேலை அது. பொங்கலும் தீபாவளியும் குதிரைக்குக் கிடையாது. லாடக்காரர் எங்கே இருக்கிறார், குதிரைக்கு ஊசி போடத் தெரிந்த டாக்டர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்ற இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகு விலை பேசலாம். மாடு வாங்குகிறவர்களுக்கு இந்தச் சிரமம் குறைவு. புலிக்குளம், காங்கேயம் என்று நம் மண்ணின் இனங்களே இருக்கின்றன, மாட்டைத் தெரிந்தவர் எல்லா ஊரிலும் உண்டு.

பந்தயம் எங்கே, எப்போது என்று எப்படித் தெரிந்துகொள்வது? எப்படிப் போவது?

தைப் பொங்கலில் தொடங்கி மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி என்று கோயில் திருவிழாக்களை ஒட்டி நடக்கும். போஸ்டரும் வாட்ஸ்அப் குழுக்களும்தான் தகவல். தேதி மாறுவது சகஜம், அனுமதி கடைசி நேரத்தில் வரும். முதல் நாள் இரவு அந்த ஊர் டீக்கடைக்கோ தெரிந்தவருக்கோ போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

மேலூர், சிங்கம்புணரி, சிவகங்கை பக்கம் என்றால் மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் ஏற வேண்டும். உசிலம்பட்டி, தேனி, கம்பம் பக்கம் என்றால் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட். சொந்த வண்டியில் வருகிறவர்கள் பந்தயம் ஓடும் ரோட்டுக்கு வெளியே, மறுபக்கத்தில் நிறுத்துங்கள். தொடங்கிவிட்டால் ரோட்டை மறித்துவிடுவார்கள், கடைசி வண்டி வந்து சேரும்வரை வெளியே எடுக்க முடியாது. ஆம்புலன்ஸ் வந்தால் மட்டும் வழி விடுவார்கள், அந்த வழியில் உங்கள் வண்டி நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.